ரத்தத்தில் குறைந்தது, இதயத்தைக் காத்ததா?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலும் சரி, தமிழ்நாட்டின் வேறு எந்த ஊரிலும் சரி, மருந்துக் கடையில் சர்க்கரை நோய்க்கு விற்கும் அட்டைகளில் ஒரு வகை உண்டு. ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்துகள் இருக்கும்: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பியோகிளிட்டாசோன். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் மூன்றின் பெயரும் அளவும் அச்சாகியிருக்கும். சாப்பிடுகிறவருக்கு அது வெறும் சுகர் மாத்திரை. முதல் இரண்டைப் பற்றி ஓரளவு கேள்விப்பட்டிருப்பார். மூன்றாவதை யாரும் அவருக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் மூன்றில் அதுதான் தனி ரகம். அது செல்லின் உட்கரு வரை சென்று, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதையே மாற்றி அமைக்கிறது. அந்த வேலைக்கு அது பிடித்துக்கொள்ளும் புரதத்துக்கு உட்கரு ஏற்பி என்று பெயர். கடந்த 40 ஆண்டுகளில் சர்க்கரை, கொழுப்பு, இதய நோய் மூன்றையும் ஒரே இடத்தில் மடக்கிவிடலாம் என்ற பெரிய நம்பிக்கை இந்த ஏற்பிகளின் மேல்தான் வைக்கப்பட்டது. அந்த நம்பிக்கை பல முறை சறுக்கிய விதத்தைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பரிசோதனைச் சீட்டில் ஒரு எண் இறங்கியதை வைத்துக்கொண்டு இதயம் காப்பாற்றப்பட்டது என்று முடிவு கட்ட முடியாது. மாரடைப்பும் பக்கவாதமும் உண்மையிலேயே குறைந்தனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவும் நம் மக்களிடமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மனித உடலில் 48 வகை உட்கரு ஏற்பிகள் உள்ளன. ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோன், கார்ட்டிசால், வைட்டமின் டி ஆகியவை தங்கள் வேலையைச் செய்வது இவற்றின் வழியாகத்தான். செல்லின் வெளிச்சுவரில் நின்று செய்தி வாங்கும் ஏற்பிகளைப் போல அல்லாமல், இவை நேரடியாக டி.என்.ஏ.வின் மேல் அமர்ந்துகொள்கின்றன. உரிய மூலக்கூறு வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அருகிலுள்ள மரபணுக்கள் விழிக்கின்றன அல்லது உறங்குகின்றன. இந்தக் குடும்பத்தை அடையாளம் கண்டதற்காக பியர் ஷாம்போன், ரொனால்ட் எவன்ஸ், எல்வுட் ஜென்சன் மூவருக்கும் 2004இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. வேங்கிக்காலைப் போல ஏரியை ஒட்டி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும்: மதகைத் திறந்தால் நாம் நினைத்த ஒரு வயலுக்கு மட்டும் தண்ணீர் போகாது, அந்த வாய்க்கால் தொடும் எல்லா வயலுக்கும் போகும். ஓர் ஏற்பியின் கீழ் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன. அவை கல்லீரலில் ஒன்றையும், எலும்பில் இன்னொன்றையும், சிறுநீரகத்தில் வேறொன்றையும் செய்யும். சர்க்கரையைக் குறைக்கவே அந்த ஏற்பியைத் தூண்டினோம் என்பது நம் கணக்கு. உடலுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

நம் கதைக்கு முக்கியமானவை இரண்டு ஏற்பிகள். பிபார் ஆல்ஃபா பெரும்பாலும் கல்லீரலில் இருந்துகொண்டு கொழுப்பை எரிக்கும் வேலையை முடுக்குகிறது. ஐசமன், கிரீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் எலியில் அதைக் கண்டறிந்தார்கள். பிபார் காமா கொழுப்புச் செல்களை உருவாக்கும் ஏற்பி. ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபைப்ரேட் மருந்துகள் முதலாவதைத் தூண்டுகின்றன; பியோகிளிட்டாசோன், ரோசிகிளிட்டாசோன் போன்ற கிளிட்டாசோன்கள் இரண்டாவதைத் தூண்டுகின்றன. வியப்பு என்னவென்றால், மருந்துகள்தான் முதலில் வந்தன. குளோஃபைப்ரேட் 1960களிலேயே விற்பனையில் இருந்தது. கிளிட்டாசோன்களை ஜப்பானில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அவை பிடித்துக்கொள்வது பிபார் காமாவைத்தான் என்று தெரியவந்தது 1995இல். இந்த மருந்து உடலில் செய்வதும் முதல் பார்வைக்கு முரணாகவே தோன்றும். எடை கூடுகிறது, சர்க்கரை குறைகிறது. தோலுக்கடியில் புதிய கொழுப்புச் செல்கள் உருவாகி, கல்லீரலிலும் தசையிலும் தவறான இடத்தில் தேங்கிக் கிடந்த கொழுப்பைத் தம்மிடம் வாங்கிக்கொள்வதால் இன்சுலின் மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது.

நம்மவர்களுக்கென்றே அளவெடுத்துச் செய்த மருந்து போல இது தோன்றுகிறதல்லவா? கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு, உயர்ந்த ட்ரைகிளிசரைடு, தாழ்ந்த எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு, சீக்கிரமே வரும் சர்க்கரை. தெற்காசியர்களிடம் இவை நான்கும் சேர்ந்தே வருவதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. பெரியவர்களில் 100க்கு 81 பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு. இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு மற்ற நாட்டவருக்கு வரும் வயதைவிடத் தெற்காசியருக்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, 53 வயதை ஒட்டி வந்துவிடுவது தெரிந்தது. ஆல்ஃபா கொழுப்பை எரிக்கும், காமா இன்சுலினைச் சீராக்கும், இரண்டையும் ஒரே மாத்திரை தூண்டினால் இதயம் பிழைக்கும் என்ற தர்க்கம் காகிதத்தில் குறையில்லாதது.

மனிதர்களிடம் சோதித்தபோது அது பல முறை பொய்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் குளோஃபைப்ரேட் சோதனை 1978இல் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைந்தது, உயிருக்கு ஆபத்தில்லாத மாரடைப்பும் ஓரளவு குறைந்தது. ஆனால் மொத்தச் சாவு கூடிவிட்டது. ரோசிகிளிட்டாசோன் 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று உலகமெங்கும் விற்றது, சர்க்கரையையும் குறைத்தது. அமெரிக்க இதய மருத்துவர் ஸ்டீவன் நிசன் 2007இல் 42 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு வாய்ப்பு 43 விழுக்காடு அதிகம் என்று வந்தது. ஐரோப்பாவும் இந்தியாவும் 2010இல் அதை விலக்கின. அந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. ஒரு பெரிய சோதனையின் பதிவுகளை மறுபடி ஆராய்ந்த பிறகு அமெரிக்கா 2013இல் தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. மாரடைப்பு பற்றி இப்படி வழக்கு இழுத்தாலும், இதயச் செயலிழப்பு பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. கிளிட்டாசோன்கள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கின்றன. கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் குழி விழுந்து அப்படியே நிற்கும், மெல்லத்தான் நிரம்பும். ஏற்கெனவே பலவீனமான இதயத்துக்கு அந்த நீர்ச்சுமையே போதும். சர்க்கரை அளவு அழகாக இறங்கியிருக்கும் அதே வாரத்தில் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம்.

ஆல்ஃபா, காமா இரண்டையும் சேர்த்துத் தூண்டும் மருந்துகள் இதைவிடச் சீக்கிரம் வீழ்ந்தன. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் கண்டுபிடித்து டென்மார்க் நிறுவனத்துக்குக் கொடுத்த ராகாகிளிட்டசார், எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டி கண்டதால் 2002இல் நின்றது. முராகிளிட்டசார் 2006இல் இதய ஆபத்தால் கைவிடப்பட்டது. மாரடைப்பு வந்து பிழைத்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்த அலெகிளிட்டசார், ட்ரைகிளிசரைடைக் குறைத்தது, நல்ல கொழுப்பைக் கூட்டியது, இதயத்துக்கு எந்தப் பலனும் தராமல் 2013இல் நிறுத்தப்பட்டது. ஆல்ஃபாவை மட்டும் குறிபார்த்துத் தூண்டும் புதிய மருந்தான பெமாஃபைப்ரேட்டுக்கு 2022இல் முடிவு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் ட்ரைகிளிசரைடு 26 விழுக்காடு இறங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் துளியும் குறையவில்லை. காரணம் ஓரளவு விளங்குகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் நுழைந்து அடைப்பை உண்டாக்குபவை கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள்கள். துகளுக்குள் இருக்கும் சுமை குறைந்ததே தவிர, துகள்களின் எண்ணிக்கை குறையவில்லை. பரிசோதனைக்கூடம் அளந்து சொன்னது சுமையைத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியூர்க் கதை என்று தள்ளிவிட முடியாது. சென்னையிலிருந்து வந்த இரண்டு சான்றுகளை நான் இந்த விவாதத்தின் மையமாகவே கருதுகிறேன். டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முதல் ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடை, உணவுக் கட்டுப்பாடு இரண்டையும் விடாமல் நினைவூட்டித் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அது 39 விழுக்காடு. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதேதான். அடுத்து, 407 பேரிடம் நடந்த இரண்டாவது ஆய்வு 2009இல் வந்தது. இந்த முறை எல்லோருக்கும் வாழ்க்கைமுறை மாற்றம் உண்டு. பாதிப் பேருக்குக் கூடுதலாகப் பியோகிளிட்டாசோன், மீதிப் பேருக்கு மருந்தில்லா மாத்திரை. மூன்று ஆண்டில் நோய் வந்தவர்கள் முறையே 29.8 விழுக்காடும் 31.6 விழுக்காடும். அதாவது மருந்து எதையும் சேர்க்கவில்லை. இதே மருந்து அமெரிக்காவில் 2011இல் வெளியான சோதனையில் சர்க்கரை நோயை 72 விழுக்காடு தடுத்ததாகக் காட்டியது. அங்கே மாத்திரையின் அளவு அதிகம், சோதனையின் அமைப்பும் வேறு. ஆகவே இரண்டையும் தராசில் வைத்து நேருக்கு நேர் நிறுக்க முடியாது. ஆனால் அமெரிக்க முடிவை மட்டும் படித்துவிட்டு இங்கே மருந்துச் சீட்டு எழுதுவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதற்கு இந்த வித்தியாசமே போதும்.

இரண்டாவது சான்று மரபணுவில் இருக்கிறது. பிபார் காமா புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில், மரபணுவில் உள்ள ஓர் எழுத்து மாற்றத்தால் சிலருக்கு அலனின் இருக்கும். இந்த மாற்றம் கொண்ட ஐரோப்பிய வம்சாவளியினருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவு என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. சென்னையில் வாழும் நம்மவர், அமெரிக்காவின் டாலஸ் நகரில் வாழும் தெற்காசியர், அதே நகரில் வாழும் வெள்ளையர் ஆகிய மூன்று கூட்டத்தையும் ஒப்பிட்டு, டாக்டர் வி. ராதா, டாக்டர் வி. மோகன் உள்ளிட்டோர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெள்ளையரைக் காத்த அந்த மாற்றம், சென்னையில் இருந்தாலும் டாலஸில் இருந்தாலும் தெற்காசியரைக் காக்கவில்லை. ஊர் மாறியும் முடிவு மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே ஏற்பி, அதே எழுத்து மாற்றம், ஆனால் அதைச் சுற்றியுள்ள உடல் வேறு. அந்த ஏற்பியையே குறிவைக்கும் மருந்து மட்டும் எல்லா உடலிலும் ஒரே பலனைத் தரும் என்று எதை நம்பி எதிர்பார்ப்பது?

இந்தக் கேள்வி 2013 ஜூன் மாதம் இந்திய அரசின் முன்னால் வந்து நின்றது. அந்த மாதத் தொடக்கத்தில், அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய சாரோகிளிட்டசாருக்கு அனுமதி கிடைத்த செய்தி வந்தது. ஆல்ஃபாவையும் காமாவையும் சேர்த்துத் தூண்டும் மருந்து அது. மூலக்கூறு முதல் மாத்திரை வரை ஓர் இந்திய நிறுவனமே உருவாக்கிய முதல் புதிய மருந்து என்று நாடு கொண்டாடியது. அந்தப் பெருமை நியாயமானதுதான். அதே மாதம் 18ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் பியோகிளிட்டாசோனின் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்திவைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய அச்சமே காரணம். பிரான்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மருந்தை நிறுத்தியிருந்தது, சென்னையிலிருந்தும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நோயாளிகளைப் பற்றிய தகவல் போயிருந்தது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஜூலை இறுதியில் எச்சரிக்கை வாசகத்தோடு மருந்து திரும்பி வந்தது. ஏறத்தாழ ஆறு வாரத்தில் தடையும் தடை நீக்கமும் முடிந்துவிட்டன. எனக்கு உறுத்துவது இதுதான்: லட்சக்கணக்கானோர் பல ஆண்டுகள் சாப்பிட்ட மருந்தைப் பற்றி, யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லும் பதிவேடு நம்மிடம் இருந்திருந்தால், தடை விதித்தவர்களும் எதிர்த்தவர்களும் சில நோயாளிகளின் கதையை வைத்துச் சண்டை போட வேண்டியிருந்திருக்காது. சாரோகிளிட்டசாருக்கும் இது பொருந்தும். சில நூறு பேரிடம் சில மாதங்கள் சோதித்து, ட்ரைகிளிசரைடு ஏறக்குறைய பாதியளவு குறைவதைக் காட்டித்தான் அது அனுமதி பெற்றது. மாரடைப்பைக் குறைக்கிறதா என்பதைப் பல்லாயிரம் பேரிடம் பல ஆண்டுகள் பார்த்துச் சொல்லும் சோதனை நடக்கவில்லை. கொழுப்புக் கல்லீரலில் அதற்கு இடம் இருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இதயத்தைக் காக்கும் மருந்து என்று அதைச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் இந்த மருந்துகள் எல்லாமே வீண்தானா என்று கேட்கலாம். இல்லை. பக்கவாதம் வந்து தேறியவர்களில் சர்க்கரை நோய் இல்லாமல், இன்சுலின் எதிர்ப்பு மட்டும் உள்ள 3,876 பேரிடம் பியோகிளிட்டாசோனைச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. ஐந்தாண்டுக்குள் மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 9 விழுக்காடு, சாப்பிடாதவர்களில் 11.8 விழுக்காடு. உண்மையான பலன் அது. எலும்பு முறிவும் எடையும் கூடின. ஆனால் எது லாபம், எது நஷ்டம் என்பது அந்தச் சோதனையில் கண்ணுக்குத் தெரிகிறது, மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடிகிறது. உட்கரு ஏற்பிகளில் இன்னொன்றைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்ற பழைய, மலிவான மாத்திரை, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் சாவை 30 விழுக்காடு குறைத்ததை 1999இல் வெளிவந்த சோதனை நிறுவியது. அதே ஏற்பியைத் தடுக்கும் ஃபினெரினோன், சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களிடம் இதயச் செயலிழப்பைக் குறைப்பது 2021இல் உறுதியானது. இவற்றின் மதிப்பை நிலைநாட்டியது சாவையும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் எண்ணிய கணக்கு. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் சர்க்கரை மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கால் வீக்கமோ, படுத்தால் மூச்சு முட்டுவதோ, சிறுநீரில் ரத்தமோ இருந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், இதில் பியோகிளிட்டாசோன் இருக்கிறதா, என் இதயத்துக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று கேட்க வேண்டும்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. மாரடைப்பை எண்ணிப் பார்க்கும் சோதனைக்கு ஐந்து ஆண்டும் கோடிக்கணக்கில் பணமும் வேண்டும். அதுவரை காத்திருந்தால் ஏழை நோயாளி செத்துப்போவான், ஆகவே எண் இறங்கினால் போதும் என்று அனுமதிப்பதே மனிதாபிமானம் என்கிறார்கள். இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் நடந்த வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. ரோசிகிளிட்டாசோன் சர்ச்சைக்குப் பிறகு, புதிய சர்க்கரை மருந்து எதுவானாலும் இதயத்துக்குக் கேடில்லை என்று காட்ட வேண்டும் என 2008இல் அமெரிக்கா கட்டளையிட்டது. நிறுவனங்கள் முணுமுணுத்தன. அந்தக் கட்டாயத்தால் நடந்த சோதனைகளில் ஒன்றுதான் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்து இதய நோய்ச் சாவை 38 விழுக்காடு குறைப்பதை 2015இல் வெளிக்கொண்டு வந்தது. அந்த மருந்து சர்க்கரையைக் குறைக்கும் அளவு சுமார்தான்; எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அது நடுத்தர மருந்தாகவே கிடந்திருக்கும். கேடு இருக்கிறதா என்று தேடப் போனவர்கள் பெரும் நன்மையைக் கண்டார்கள். ஏழைக்கு இழப்பு எங்கே என்றால், பலன் தெரியாத மாத்திரைக்கு மாதாமாதம் கைக்காசு கொடுப்பதில் இருக்கிறது.

தினமும் நடங்கள், அரிசியைக் குறையுங்கள் என்று சொல்வதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்ற அலுப்பும் மருந்துச் சீட்டின் பின்னால் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் லட்சக்கணக்கானோரைப் பார்த்துவிட்டு நம் மக்களுக்கு நடக்க முடியாது என்று எப்படிச் சொல்வது? குறைவது தினசரித் தொடர்ச்சி. சென்னை ஆய்வில் வெற்றி பெற்றதும் அந்தத் தொடர்ச்சிதான். அதற்குப் பின்னால் நினைவூட்டவும் விசாரிக்கவும் ஆள் இருந்தார்கள். அந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு, நேரம் வேண்டும். மாத்திரைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அதற்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்பது மருத்துவத்துக்கு எதிரான பேச்சு ஆகாது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பது ஏற்கெனவே பதிவாகிறது. அவருக்கு மாரடைப்பு வந்ததா, பக்கவாதம் வந்ததா, கால் வீங்கியதா, எலும்பு முறிந்ததா, உயிரோடு இருக்கிறாரா என்ற ஐந்து கேள்விகளை ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்துக் கேட்டால் அந்தப் பதிவேடு ஆராய்ச்சியாகிவிடும். எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025இலும், அதே வகை மருந்தான டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை அதற்கு முன்பும் இந்தியாவில் முடிந்துவிட்டதால் இரண்டும் மலிந்துவிட்டன. குறைந்த அளவுப் பியோகிளிட்டாசோன் முன்பே மலிவு. நோயாளியின் ஒப்புதலோடு, மெட்ஃபார்மினுக்கு அடுத்த மாத்திரை எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, திருவண்ணாமலை போன்ற நான்கைந்து மாவட்டங்களில் ஐந்து ஆண்டுகள் பின்தொடர அரசு மருத்துவக் கல்லூரிகளால் முடியும். அந்த மருந்துகள் எல்லாம் இன்றே கடைகளில் கிடைக்கின்றன, மருத்துவர்கள் இன்றே எழுதித் தருகிறார்கள். முடிவை எண்ணும் வேலை மட்டும்தான் பாக்கி.